நாற்பத்து நான்காவது கடிதம்

என் மாமாவுக்கு இரண்டு குரல்கள் இருந்தன. கிழமை நாட்களில் கிட்டங்கியில் பெட்டி ஏற்றி இறக்கும்போதும், பல் துலக்கச் சொல்லி என்னைத் துரத்தும்போதும் பாவிப்பது ஒன்று. ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணிக்கு மைக்கின் முன்னால் அமர்ந்ததும் வருவது மற்றது. அந்த இரண்டாவது குரலைச் சனிக்கிழமை மாலைகளில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழுக்க வைப்பார். ‘பேரன்புமிக்க தமிழ் நெஞ்சங்களே’ என்று உள்ளே இருந்து கேட்டால், இன்னும் முக்கால் மணிநேரத்துக்கு வீட்டில் யாரும் குளிக்க முடியாது என்று அர்த்தம்.

அவர் அம்மாவின் அண்ணன். கல்யாணம் கட்டவில்லை. மவுண்ட் ஆல்பர்ட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த பழைய மரவீட்டின் முன்னறை அவருடையது. ஊரில் இருந்தபோது வானொலி அறிவிப்பாளர் வேலைக்கு மூன்று முறை விண்ணப்பித்து மூன்று முறையும் ‘வருந்துகிறோம்’ வாங்கியவர். நாலாவது முறை போடலாம் என்று இருந்தபோது சண்டை வந்துவிட்டது. ஆக்லாந்துக்கு வந்த பிறகு, எந்தச் சனமும் தன் மொழியில் அரை மணி பேசலாம் என்று இடம் கொடுக்கிற ஒரு சின்ன வானொலி நிலையம் இருப்பதைக் கேள்விப்பட்டார். அன்றிலிருந்து மனுசனுக்குக் கால் நிலத்தில் படவில்லை. சம்பளம் கிடையாது. அவரும் கேட்கவில்லை.

இது தொண்ணூறுகளின் நடுவில். எனக்குப் பத்து வயது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவுக்குப் பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை, அம்மாவுக்கு ஹில்ஸ்பரோவில் ஒரு ரெஸ்ட் ஹோமில் வயதானவர்களைப் பார்க்கிற வேலை. பிள்ளையை வீட்டில் தனியே விட்டால் பொலிஸ் வரும் என்று யாரோ அம்மாவைப் பயமுறுத்தி வைத்திருந்ததால், மாதா கோயிலில் பூசை முடிந்ததும் மாமா என்னையும் காரில் போட்டுக்கொண்டு நிலையத்துக்குப் போவார். அங்கே கண்ணாடிக்கு வெளியே பஞ்சு பிதுங்கிய ஒரு சோபா இருந்தது. அதில் குந்திக்கொண்டு, உள்ளே நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மாமாவின் அரை மணியில் பாட்டு இரண்டு, ஊர்ச் செய்தி கொஞ்சம், மிச்சமெல்லாம் மரண அறிவித்தல். சிரிக்காதீர்கள். ஊரில் யாராவது கண்ணை மூடினால் இங்கிருந்து செத்த வீட்டுக்குப் போக முடியாத காலம் அது. விசாவும் இல்லை, பாதையும் இல்லை. தாய் செத்ததை மூன்று கிழமை கழித்துக் கடிதத்தில் அறிந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் செய்யக்கூடியது ஒன்றுதான். மாமாவுக்குப் போன் எடுத்துப் பெயர்களைச் சொல்வது. இன்னாரின் அன்பு மனைவியும், இன்னாரின் பாசமிகு தாயாரும், இன்னார் லண்டன், இன்னார் கனடா, இன்னார் பாபகூரா என்று ஒரு பெயர் விடாமல் மாமா வாசிக்க வேண்டும். ஒருமுறை ஒரு மருமகனின் பெயரை விட்டுவிட்டார். அந்த மனுசன் கோயில் வாசலில் மாமாவைக் கண்டால் மறுபக்கம் திரும்பி நிற்கத் தொடங்கியவர், ஐந்து வருடமாகத் திரும்பியே நின்றார். சில ஞாயிறுகளில் நாலு அறிவித்தல் சேர்ந்து வரும். அன்றைக்குப் பாட்டு இல்லை, செய்தி இல்லை, கடைசிப் பெயரை வாசிக்கும்போது நேரம் முடிந்து மைக்கின் சிவப்பு விளக்கு அணைந்துவிடும். பாதியில் வெட்டுப்பட்டது தன் தாயின் அறிவித்தல் என்று ஒருவர் போனில் அழுததை நானே கேட்டிருக்கிறேன். அதனால் மாமாவுக்கு ஒரு மணிநேரம் வேண்டும் என்றிருந்தது. ஆசைக்காக அல்ல, உண்மையாகவே வேண்டும்.

பன்னிரண்டு மணிக்குப் பிறகு சமோவாக்காரரின் நிகழ்ச்சி. அவர்களுக்கு மலைமாதிரிக் கடிதம் வரும், அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவும் முடியாது. பதினொரு மணிக்கு, எங்களுக்கு முன்னால் இருந்தது வேல்ஸ்காரர்.

அவருக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். ஒல்லி, உயரம், தலையில் எப்போதும் ஒரு தட்டைத் தொப்பி. முதல் நாள் கைகுலுக்கும்போது மாமா மரியாதையாக, ஒரு இங்கிலீஷ்காரக் கனவானைச் சந்தித்ததில் மகிழ்ச்சி என்று சொல்லிவிட்டார். அவர் கையை எடுத்துக்கொண்டு, தான் இங்கிலீஷ்காரன் இல்லை என்றார். அன்று காலையில்தான் மூலைக்கடை டெய்ரிக்காரன் மாமாவைப் பார்த்து, இந்தியாவில் எந்த ஊர் என்று கேட்டிருந்தான். மாமா அதற்குக் கால் மணிநேரம் விளக்கம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். ஆனபடியால் இந்த மனிதரின் எரிச்சல் மாமாவுக்கு உடனே விளங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்டார். அதன் பிறகு இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் நாட்டைச் சரியாகச் சொல்வதில் மிகவும் கவனமாக இருந்தார்கள்.

ஒரு நிகழ்ச்சி முடிந்து மற்றது தொடங்கும் இடைவெளியில், இரண்டு இரண்டு நிமிடமாக, அவருடைய சீவியம் எங்களுக்குத் தெரியவந்தது. வேல்ஸின் வடக்கே கற்பலகை வெட்டுகிற ஒரு மலையூரில் பிறந்தவர். தகப்பன் கல்லுடைத்தவர். இவர் பத்தொன்பது வயதில் வானொலிக்குப் போனார். தன் மொழியில் செய்தி வாசித்தார், சிறுவர் கதை சொன்னார், மழையில் நனைந்துகொண்டு உதைபந்தாட்டம் வர்ணித்தார். அவர்கள் மொழியில் அதுவரை சொல் இல்லாத சாமான்களுக்கு நேரலையிலேயே, பந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே, சொல் கண்டுபிடித்தாராம். மாமா அதைக் கேட்டு வாயைப் பிளந்தார். வீடு வாங்க வங்கியில் எடுக்கிற ‘மோட்கேஜ்’ என்பதற்கு ரேடியோவில் என்ன சொல்வது என்று ஒரு கிழமையாக மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தவர் அவர். வேல்ஸ்காரர் பதினொரு புத்தகமும் எழுதியிருந்தார். அதில் ஒன்றைப் பையில் கொண்டு திரிவார். என்னிடம் ஒருமுறை தந்தார். எழுத்தெல்லாம் இங்கிலீஷ் எழுத்து, ஆனால் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஓய்வு பெற்ற பிறகு மகளோடு இருக்கலாம் என்று மனைவியையும் கூட்டிக்கொண்டு ஆக்லாந்துக்கு வந்தாராம். வந்து இரண்டாம் வருடம் மகள் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டாளாம். எங்கள் ஆட்களுக்கும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

அவர் வேலை செய்கிற விதம் எனக்குப் பாடம். கதிரையில் அமர்ந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி, முகம் மேலே தெரிய மேசையில் வைப்பார். வலது கையைக் காதின் பின்னால் குவித்துக்கொள்வார். பிறகு ‘போரே தா’ என்பார். அவர்கள் மொழியில் காலை வணக்கம். கத்தமாட்டார், பாடமாட்டார். பக்கத்தில் இருக்கிற ஒருவரிடம் உப்பை எடுத்துத் தரச் சொல்வதுபோல மெதுவாகக் கதைப்பார். இடையிடையே, யாரோ பதில் சொல்வதற்கு விட்டுக்கொடுப்பதுபோல நிறுத்துவார். மாமாவுக்கு அது விளங்கவில்லை. ஒருநாள் கேட்டேவிட்டார். வேல்ஸ்காரர் சொன்னார், தான் ஒரே ஒருவருக்குத்தான் பேசுவதாகவும், அவர் கேட்கிறாரா என்பது தனக்குத் தெரியாது என்றும். கிணற்றுக்குள் கல்லைப் போட்டுவிட்டுச் சத்தத்துக்குக் காத்திருக்கிறவர் போல அவர் முகம் இருந்தது.

காரில் மாமா என்னிடம், "ஒராளுக்கெண்டால் டெலிபோன் காணுமே பிள்ளை. அதுக்கு ஒரு ஸ்டேஷனே?" என்றார்.

அந்தக் குளிர்காலத்தில்தான் நிலையத்தின் பலகையில் ஒரு அறிவித்தல் ஒட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை நேரங்களை மாற்றி அமைக்கப் போகிறார்களாம். கேட்கிற ஆட்கள் இருப்பதற்குக் கடிதங்கள் காட்டுகிற நிகழ்ச்சிக்குக் கூடுதல் நேரம். கடிதமே வராத நிகழ்ச்சி நிற்கும். மாமா அதை மூன்று முறை வாசித்தார். வேல்ஸ்காரர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு ஒருமுறை வாசித்து, கண்ணாடியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். உங்களுக்கு எத்தனை கடிதம் வந்தது என்று நான்தான் கேட்டேன், எனக்கு வாய் சும்மா இராது. இங்கே ஒன்றும் இல்லை என்றார். ஆனால் வேல்ஸில், வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரே ஒரு கடிதம் வந்ததாம். கடலோரத்து ஊரில் ஒரு பெண், முகமே காணாதவள், குரலைக் கேட்டு எழுதியிருந்தாளாம். எழுதியவளையே கட்டிக்கொண்டேன் என்று சொல்லிவிட்டுக் கண்ணைச் சிமிட்டினார்.

பத்து வயதில் நான் இதை எப்படி எடுத்துக்கொண்டேன் என்றால், இந்த மனிதருக்குக் கடிதம் எழுதினால் அவரைக் கட்ட வேண்டி வரும் என்று.

அடுத்த சனிக்கிழமை மாமா தன் வித்தையைக் காட்டினார். கோயில் மண்டபத்தில் தமிழ் வகுப்பு முடிந்ததும் பதினான்கு பிள்ளைகளை மறித்து, பேனையும் தாளும் கொடுத்து இருத்தினார். ஆளுக்கு மூன்று கடிதம். ஒவ்வொன்றும் வேறு வேறு வீட்டுப் பெரியவர்களின் பெயரில், அவர்களைக் கேட்டுத்தான். "பொய்யில்லை பிள்ளையள். அவையள் கேக்கினம், ஆனா எழுதமாட்டினம். அவையள் எழுதாததை நாங்கள் எழுதுறம்" என்றார். இங்கே பிறந்த பிள்ளைகள் ‘ஹாய்’ என்று தொடங்கியதைக் கண்டதும் அவருக்கு ஆத்திரம் வந்துவிட்டது. எடுத்த எடுப்பிலேயே காரியத்தைக் கேட்பது என்ன பழக்கம்? முதலில் சுகம் விசாரிக்க வேண்டாமா? ஆண்டவரின் கிருபையால் நான் இங்கே சுகம், தாங்களும் அவ்வண்ணமே சுகமாயிருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன் என்று இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, பதினான்கு பேரும் எழுதினோம். அது இல்லாமல் ஒரு கடிதமும் தொடங்கக்கூடாது என்பது சட்டம். கடைசியில் மாமாவும் இடது கையால் ஒன்று எழுதினார். எல்லாமாக நாற்பத்து மூன்று.

மூன்றாவது கடிதம் எழுதும்போதுதான் எனக்கு லிப்ஸ்டிக் ஆச்சியின் நினைவு வந்தது.

லிப்ஸ்டிக் ஆச்சி அம்மாவின் ரெஸ்ட் ஹோமில் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி. பெயர் அம்மா வைத்தது. அந்த ஆச்சிக்கு மறதி நோய். முதலில் ஆட்களை மறந்தாளாம், பிறகு இங்கிலீஷை மறந்தாளாம். எஞ்சியிருந்தது அங்கே யாருக்கும் தெரியாத ஏதோ ஒரு பாஷை. கிழமை முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பவள், ஞாயிற்றுக்கிழமை வந்தால் வேறு ஆள். இதை அம்மா சோறு போட்டுக்கொண்டே நடித்துக் காட்டுவாள். "விடிஞ்சாப்போலை லிப்ஸ்டிக்கைக் கையிலை தந்து வாயை நீட்டுவா. பூசிவிட வேணும். நீலக் கோட்டைப் போட்டுவிட வேணும். பதினொரு மணிக்கு ரேடியோவுக்குக் கிட்டப் போயிருந்து, அதிலை கையை வைச்சுக்கொண்டு கதைப்பா. ரேடியோக்காரன் கதைக்க இவ பதில் சொல்லுறா. பிறகு உங்கடை மாமா ‘பேரன்புமிக்க’ எண்டு துவங்கினவுடனை டக்கெண்டு நிப்பாட்டிப்போடுவா."

மாமா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு, அந்த மனுசிக்குக் காது சரியில்லை என்றார்.

கதையில் கவலையான இடமும் ஒன்று உண்டு. ரேடியோ முடிந்த பிறகும் ஆச்சி கோட்டைக் கழற்ற விடமாட்டாள். யாரோ வரப்போகிறார்கள் என்று கதவைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். கடைசியில் வருவது ஒரு கிழவர், அவளுடைய புருசனாம். "பாவம், வாய் பேசாத மனுசன். அவவுக்கு ஆளைத் தெரியாது. ஆரோ பிறத்தியான் வந்திட்டான் எண்டு கையாலை கலைப்பா. அவர் வெளியிலை கதிரையிலை இருந்திட்டுப் போயிடுவார்" என்பாள் அம்மா. எனக்கு அந்த ஆச்சியின் மேல் கோபமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

இப்போது மாமாவுக்கு முழு மணிநேரமும் கிடைத்தால், பதினொரு மணிக்கு லிப்ஸ்டிக் பூசி, கோட்டுப் போட்டு, ரேடியோவில் கையை வைக்கிற ஆச்சிக்கு என்ன கேட்கும்? பேரன்புமிக்க தமிழ் நெஞ்சங்களே. அன்று பின்னேரம், உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குப் பின்னால் ஒளித்திருந்து நாற்பத்து நான்காவது கடிதத்தை எழுதினேன். பெயர் போடவில்லை. ஏன் என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே. மறுநாள் மாமா தன் கடிதக் கட்டை, நிலையத்தை நடத்துகிற பெண்மணியின் கையில் பவ்வியமாகக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, கீழே சுவரில் இருந்த மரப்பெட்டிக்குள் என்னுடையதைப் போட்டேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு, நிகழ்ச்சி முடிந்ததும் அந்தப் பெண்மணி மாமாவைக் கூப்பிட்டார். எப்போதும் தடித்த கம்பளிச் சட்டை போட்டிருக்கிற, முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டே கதைக்கிற பெண். உங்களுடைய நேயர்கள் நாற்பத்து மூன்று பேரும் சுகமாக இருப்பதில் தனக்கு மிகவும் சந்தோஷம், அவர்கள் எல்லோரும் மன்றாடியபடியால் தானும் சுகம் என்றார். மாமா அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு, நெஞ்சில் கையை வைத்துத் தலை குனிந்தார். எப்படி எழுதியிருந்தாலும் சனம் கேட்கிறது என்பது தெரிகிறது, அடுத்த மாதம் முதல் பதினொரு மணியிலிருந்து முழு மணிநேரமும் உங்களுக்குத்தான் என்றார். மாமாவின் கண் கலங்கிவிட்டது. மூன்று ‘வருந்துகிறோம்’ வாங்கிய மனிதர் அல்லவா?

பிறகு அந்தப் பெண்மணி ஒரு தாளை நீட்டினார். இன்னொருவரும் சுகமாக இருக்கிறார், ஆனால் இது உங்களுக்கு இல்லை, வேல்ஸ்காரருக்கு வந்தது, அவர் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார், அடுத்த கிழமை கண்டால் கொடுத்துவிடுங்கள் என்றார். சோபாவில் இருந்த எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

காரின் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. மாமா தாளை விரித்தார். ஆண்டவரின் கிருபையால் நான் இங்கே சுகம் என்று முதல் வரியை உரத்து வாசித்தார். மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். மிச்சத்தையும் உரத்தே வாசித்தார். அது இப்படிப் போனது: ஹில்ஸ்பரோவில் ஒரு ஆச்சி இருக்கிறா. அவ உங்கள் நிகழ்ச்சியை ஒவ்வொரு கிழமையும் கேட்கிறா. அதற்காக லிப்ஸ்டிக் பூசி நீலக் கோட்டுப் போடுகிறா. நீங்கள் கேட்பதற்கெல்லாம் ரேடியோவைத் தொட்டுக்கொண்டு பதில் சொல்கிறா. தமிழ் நிகழ்ச்சி வந்தால் நிப்பாட்டிவிடுகிறா, அதற்காக வருந்துகிறேன். அவவுடைய புருசன் வந்தால் அவவுக்குப் பிடிக்காது, துரத்திவிடுவா. அவவுக்கு ரேடியோவில் வருகிற ஆளை மட்டும்தான் பிடிக்கும். ஆகையால் தயவுசெய்து நிகழ்ச்சியை நிறுத்த வேண்டாம். இப்படிக்கு, என்றும் அன்புள்ள ஒரு நேயர்.

"குலத்தைக் கெடுக்க வந்த கோடாலிக் காம்பு!" என்றார் மாமா. "ஊரிலை தாய் செத்ததைச் சொல்லி அழ இடமில்லாமல் எங்கடை சனம் கிடக்குது. உனக்கு ஒரு வெள்ளைக்காரக் கிழவியின்ரை லிப்ஸ்டிக் பெரிசாப் போச்சுதோ?"

ஹில்ஸ்பரோ வரும்வரைக்கும் அழுதேன். மாமா ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

வழக்கமாக மாமா வெளியில் நின்று ஹோர்ன் அடிப்பார், அம்மா ஓடி வருவாள். அன்று இரண்டு முறை அடித்தும் வரவில்லை. என்னைக் கையில் பிடித்துக்கொண்டு மாமா உள்ளே போனார். நாங்கள் இரண்டு பேரும் அங்கே காலடி வைத்தது அதுதான் முதல் தடவை. நீண்ட நடை. அதன் பாதியில், சாத்தியும் சாத்தாமலும் இருந்த ஒரு கதவுக்கு வெளியே, கதிரையில் ஒருவர் முழங்காலில் தட்டைத் தொப்பியை வைத்துக்கொண்டு குனிந்தபடி இருந்தார். வேல்ஸ்காரர்! தெரிந்த ஆளைக் கண்ட சந்தோஷத்தில் நான் கையைக் காட்டினேன். அப்போது ஒரு தாதி தட்டோடு போகிற போக்கில், இன்றைக்கும் உங்களை வெளியே அனுப்பிவிட்டாரா என்று அவரிடம் இரக்கமாகக் கேட்டுவிட்டுப் போனாள். கதவின் இடுக்கால் பார்த்தேன். நீலக் கோட்டு. சிவந்த வாய். ஆச்சி கட்டிலின் விளிம்பில் நிமிர்ந்து அமர்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா அப்படியே நின்றுவிட்டார். என் கையைப் பிடித்திருந்த அவருடைய பிடி இறுகியது. நோகுது மாமா என்றேன். அவருக்குக் கேட்கவில்லை.

பிறகு சட்டைப் பையிலிருந்து என் கடிதத்தை எடுத்தார். அதை இரண்டு கையாலும் வேல்ஸ்காரரிடம் நீட்டினார். உங்களுக்கு வந்தது என்று மட்டும் சொன்னார். என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறார் என்று பயந்து நான் அவருக்குப் பின்னால் ஒளிந்தேன். வேல்ஸ்காரர் கண்ணாடியை எடுத்துப் போட்டு வாசித்தார். ஒரு இடத்தில் சிரித்தார். மாமாவின் நிகழ்ச்சியை நிப்பாட்டுகிற இடமாக்கும் என்று நினைத்தேன். மறுபடி முதலிலிருந்து வாசித்தார். பிறகு தாளை முகத்தில் வைத்துக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. ஒரு சத்தமும் வரவில்லை.

இவ்வளவு பெரிய மனிதர் அழுது நான் பார்த்ததில்லை. ஒரே ஒரு கடிதம்தான் வந்தது என்று அழுகிறார், பாவம் என்று நினைத்தேன். எங்களுக்கு நாற்பத்து மூன்று. கவலைப்படாதீர்கள், அடுத்த கிழமை நான் இன்னும் பத்து எழுதுகிறேன் என்று அவருடைய முழங்கையைத் தொட்டுச் சொன்னேன்.

அவர் என் தலையில் கையை வைத்தார். பிறகு எழும்பினார். கைக்கடிகாரத்தைக் கழற்றி, முகம் மேலே தெரியக் கதிரையில் வைத்தார். கதவுக்குப் பக்கத்தில், உள்ளே இருப்பவருக்குத் தெரியாதபடி, சுவரோடு ஒட்டி நின்றார். வலது கையைக் காதின் பின்னால் குவித்துக்கொண்டார். மத்தியானம் தாண்டி முக்கால் மணிநேரம் ஆகியிருந்தும் அவர் ‘போரே தா’ என்றே தொடங்கினார். நிலையத்தில் கேட்கிற அதே குரல். கொஞ்சம் பேசிவிட்டு, வழக்கம்போல நிறுத்தினார்.

உள்ளேயிருந்து பதில் வந்தது. கிழவியின் குரல் மாதிரியே இல்லை. அவர் கேட்க அவள் சொன்னாள். அவள் ஏதோ கேட்டுச் சிரித்தாள், அவர் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொன்னார்.

"மாமா, கதவு திறந்துதானே கிடக்கு. ஏன் அவர் உள்ளை போய்க் கதைக்கேல்லை?"

"பேசாமல் வா பிள்ளை" என்றார் மாமா. அவருடைய இரண்டு குரல்களிலும் சேராத ஒன்றாக இருந்தது அது. என்னை முன்னால் விட்டு, சப்பாத்துச் சத்தம் கேட்காமல் நடந்து வெளியே வந்தார்.

அடுத்த கிழமை மாமா அந்தப் பெண்மணியிடம் போய், எங்களுக்கு அரை மணியே போதும் என்று சொன்னாராம். இது எனக்கு அம்மா சொல்லி, பல்கலைக்கழகம் போன பிறகுதான் தெரியும். கோயிலில் சனத்திடம் அவர் சொன்னது வேறு கதை. வெள்ளைக்காரி தரமாட்டன் எண்டிட்டாள் என்று. நாற்பத்து மூன்று கடிதம் கொடுத்தும் ஒரு அரை மணியை வாங்கத் தெரியாத ஆள் என்று அவரை நக்கலடித்தார்கள். அந்த மருமகனும் ஐந்து வருடத்துக்குப் பிறகு மாமாவின் பக்கம் திரும்பி நின்று சிரித்தானாம். மாமா தன் அரை மணியிலிருந்து பாட்டு இரண்டையும் எடுத்துவிட்டார். ‘பேரன்புமிக்க தமிழ் நெஞ்சங்களே’யையும் எடுத்துவிட்டு, வணக்கம் என்று மட்டும் சொல்லி நேரே பெயர்களுக்குப் போனார். குளியலறை சனிக்கிழமைகளில் எங்களுக்குக் கிடைத்தது. அவர் தோற்றுப்போய்விட்டார் என்றும், அதற்கு என் கடிதம்தான் காரணம் என்றும் நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்றைய காரைப் பற்றி. மாமா என்ஜினைப் போட்டுவிட்டுக் காரை எடுக்காமல் இருந்தார். மழை விடவில்லை. இந்த நாட்டின் ஜூலைக் குளிரில் கண்ணாடியெல்லாம் புகைத்திருந்தது, நான் அதில் விரலால் கோடு கீறிக்கொண்டிருந்தேன். கால் மணிநேரம் கழித்து அம்மா தலையில் பையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து ஏறினாள். மூச்சு வாங்கியது.

"அண்ணை, பிந்திப்போச்சு, குறை நினையாதேங்கோ. மற்றப் பக்கத்திலை ஒராள் விழுந்திட்டார். வரேக்கை லிப்ஸ்டிக் ஆச்சிக்குச் சொல்லிப்போட்டு வருவம் எண்டு எட்டிப் பாத்தன். ஒரு புதினம் கேளுங்கோ. இவ்வளவு நாளும் அந்தக் கோட்டை நாங்கள் மல்லுக்கட்டித்தான் கழட்டிறது. இண்டைக்குத் தானே கழட்டிக் கொழுவிப்போட்டு, சப்பாத்தையும் கழட்டி வைச்சிட்டுக் காலை நீட்டி இருக்கிறா. இனி ஒருத்தரையும் பாத்துக்கொண்டு இருக்கத் தேவையில்லை எண்ட மாதிரி."

மாமா வைப்பரைப் போட்டார், நிறுத்தினார், மறுபடி போட்டார்.

"ஹீட்டரைக் கூட்டி விட்டிருப்பினம்" என்றேன் நான்.